பெட்டியிலிருந்து பெர்லின் வரை: 1/35 அளவில் ஒரு டி-34/85 டாங்கியைக் கட்டி, வண்ணமடித்து, அழுக்காக்கும் முழு வழி

மாடல் டாங்கியைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது "அந்த அழுக்கை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்?" என்பதைத்தான். அழுக்கு கடைசி வேலை, ஆனால் பெட்டியைத் திறக்கும் நாளிலேயே அதை யோசித்துவிட வேண்டும். இந்த வண்டி எந்த ஊரில் ஓடியது, எந்த மாதம், எந்த மண்ணில், களத்துக்கு வந்து எத்தனை வாரம் ஆயிற்று? இந்த நாலு கேள்விக்கும் பதில் கையில் இருந்தால் எங்கே கீறல் போடுவது, எங்கே துரு வைப்பது, எந்த நிறத்தில் தூசி தூவுவது என்று வண்டியே சொல்லிவிடும். பதில் இல்லாமல் பிரஷ்ஷை எடுத்தால் பச்சை பொம்மை மேல் பழுப்புச் சாயத்தைக் கொட்டியது மாதிரிதான் வரும், எவ்வளவு விலை உயர்ந்த சாயமானாலும் சரி.

அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். சோவியத் படையின் டி-34/85, 1945 ஏப்ரல் கடைசி, பெர்லின் நகரத் தெருக்கள்.

வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய டி-34 வண்டியின் 76 மி.மீ பீரங்கி ஜெர்மானியரின் டைகர், பாந்தர் வண்டிகளுக்கு முன்னால் போதவில்லை என்று ஆனதும் பெரிய டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) ஒன்றைச் செய்து அதில் 85 மி.மீ பீரங்கியை வைத்தார்கள். 1944 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. உள்ளே ஐந்து பேர், எடை சுமார் 32 டன், பின்பக்கம் 500 குதிரைத்திறன் கொண்ட 12 சிலிண்டர் டீசல் எஞ்சின். நிழ்னி தாகில், கோர்க்கி, ஓம்ஸ்க் என்ற மூன்று ஊர்களில் தயாரானது. இதில் நிழ்னி தாகில் ஆலை, 1941-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது கார்கிவ் நகரத்திலிருந்து இயந்திரங்களோடும் ஆட்களோடும் யூரல் பக்கம் இடம்பெயர்ந்தது. பிற்பாடு டி-72 வடிவமைக்கப்பட்டதும் அதே நிழ்னி தாகிலில்தான். அந்த டி-72 நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் அஜேயா என்ற பெயரில் உருவானது. அம்பத்தூர் தாண்டி ரயில் ஆவடிக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு இந்த வம்சாவளி ஞாபகம் வரும்.

முதல் மாடலுக்கு இது நல்ல வண்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், மேலே ட்ராக்கைத் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தாங்க தனி உருளைகள் கிடையாது, உடல் முழுக்கச் சாய்வான பெரிய தகடுகள், ஒரே பச்சை நிறம். ஒரு பாந்தருக்கு மூன்று நிற உருமறைப்பு அடித்துத் திணறுவதற்கு முன்னால் இதில் கை பழகலாம்.

ஒரு எச்சரிக்கை. படம் தேடும்போது அருங்காட்சியக வண்டிகளை அப்படியே நம்பி விடாதீர்கள். போருக்குப் பிறகு போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் டி-34/85 தயாரானது. சோவியத் வண்டிகளும் பிற்காலத்தில் பழுது பார்க்கப்பட்டு, டி-55 மாதிரி நட்சத்திர மீன் வடிவச் சக்கரம் மாட்டப்பட்டு நிற்கின்றன. 1945 பெர்லினில் அந்தச் சக்கரம் இருக்க வாய்ப்பே இல்லை. கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் போர்க்காலப் புகைப்படம்தான் ஆதாரம்.

கிட், கருவிகள்

1/35, அதாவது நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, இதுதான் டாங்கி மாடல்களின் தாய் அளவு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்த பாந்தர் கிட் (நாமே சேர்த்து ஒட்டும் பாகங்கள் உள்ள பெட்டி) ஒன்றைச் செய்தபோது, உள்ளே பாட்டரி அடங்க வேண்டும் என்று பார்த்து வைத்ததில் வந்த கணக்கு அது; அப்படியே உலக வழக்கமாகிவிட்டது. இந்த அளவில் நம் வண்டி குழலோடு சேர்த்து சுமார் 23 செ.மீ நீளம் வரும், உள்ளங்கை இரண்டில் ஏந்திக்கொள்ளலாம். தமியா, ஸ்வெஸ்டா, அகாடமி மூவரிடமும் டி-34/85 உண்டு. முதல்முறை என்றால் தமியா வாங்குங்கள். பாகங்கள் குறைவு, பொருத்தம் துல்லியம். உள்ளே எஞ்சின் வரைக்கும் காட்டுகிற மினிஆர்ட் கிட்டைப் பார்த்து ஆசை வரும், வரட்டும், மூன்றாவது மாடலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளில் ஒன்றுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அது நிப்பர். ஒரு பக்கம் தட்டையாக வெட்டுகிற நல்ல பிளாஸ்டிக் நிப்பர் இருந்தால் பாதித் தேய்ப்பு வேலை மிச்சம். மற்றபடி கத்தி, கூரான சாமணம், 400 முதல் 1000 வரை எண்ணுள்ள வாட்டர் பேப்பர் (ஹார்டுவேர் கடையில் கிடைப்பதே போதும், ஐஸ்குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள்), வெட்டுவதற்கு ஒரு பழைய டைல்ஸ். பசை இரண்டு வகை வேண்டும். ஒன்று தண்ணீர் மாதிரி ஓடுகிற பிளாஸ்டிக் சிமென்ட். இது ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. இன்னொன்று ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ, உலோகத்துக்கும் கம்பிக்கும். முழு மாடலையும் ஃபெவிக்விக்கில் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை கீழே விழுந்தால் வண்டி மறுபடி பெட்டிக்குப் போகிற நிலைக்கு வந்துவிடும்.

கட்டுதல்

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, அதாவது ஸ்ப்ரூவை, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தால் பின்னால் பெயின்ட் உரியும். பாகத்தை வெட்டும்போது எப்போதும் இரண்டு வெட்டு: முதலில் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, அப்புறம் மிச்சத்தை ஒட்டி. ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளுத்து, சில நேரம் ஒரு துண்டு பிய்ந்தே வந்துவிடும்.

கையேட்டில் இருக்கும் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அடிப்பாகமும் மேல்பாகமும் சேர்ந்த உடல் ஒன்று, டரட் ஒன்று, சக்கரங்கள் தனி, ட்ராக் தனி, கோடாலி, ரம்பம், இழுவைக் கம்பி மாதிரி தொங்கல் சாமான்கள் தனி என்று ஐந்து கூட்டமாகப் பிரித்துக்கொண்டு வண்ணமடிக்கும் வரை சேர்க்காமல் வைத்திருங்கள். சிமென்டை பிரஷ்ஷில் தொட்டு மூட்டில் லேசாக வைத்தால் அது தானே உள்ளே ஓடிவிடும். இரண்டு பாகத்தையும் மெல்ல அழுத்தும்போது மூட்டில் மெல்லிய கோடாகப் பிளாஸ்டிக் பிதுங்கி வர வேண்டும். மறுநாள் அதைத் தேய்த்து எடுத்தால் மூட்டு இருந்த இடமே தெரியாது.

சக்கரத்தைத் தாங்கும் கைகளில் ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் முடிந்த மாடல் நொண்டும். எல்லாக் கைகளையும் ஒட்டிய உடனே, பசை காய்வதற்குள், சக்கரங்களைச் சும்மா செருகி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வண்டியை வைத்து ஐந்தும் தரையைத் தொடுகின்றனவா என்று கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

இப்போது இந்த வண்டியை டி-34 ஆக்குகிற வேலை. டரட் வார்ப்பில் செய்தது, மணல் அச்சில் இரும்பை ஊற்றி. அவசரகாலத்தில் ஊற்றியது என்பதால் மேற்பரப்பு சொரசொரப்பாக, அச்சு சேர்ந்த இடத்தில் கரடுமுரடான தையலோடு இருக்கும். உடலோ உருட்டிய தகடு, வழுவழுப்பானது. கிட்டில் இரண்டும் ஒரே வழுவழுப்பில் வந்தால் வித்தியாசத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். சந்து அடைக்கும் மாடல் பட்டியைச் (புட்டி) சிறிது எடுத்து லாக்கர் தின்னரில் கரைத்து, இட்லி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக்கி, தேய்ந்துபோன கட்டையான பிரஷ்ஷால் டரட்டின் பக்கங்களில் குத்திக் குத்தி வையுங்கள். இழுக்கக் கூடாது, குத்த வேண்டும். காய்ந்ததும் 600 எண் தாளால் மேலோட்டமாக ஒரு தடவல், கூர்முனைகள் மட்டும் மழுங்கட்டும். பீரங்கியின் முன்கவசத்துக்கும் இதே. டரட்டின் கூரை மட்டும் தகட்டை வெட்டிப் பற்றவைத்தது, அதைத் தொடாதீர்கள். இந்த ஒரு வேறுபாடு கண்ணுக்குப் பட்டுவிட்டால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், இது இரும்பு என்று மனசு நம்பிவிடுகிறது. என்னைக் கேட்டால் மொத்த மாடலிலும் உழைப்புக்கு அதிகப் பலன் தருகிற ஒரு மணி நேரம் இதுதான்.

சிப்பாய்கள் வண்டி மேல் ஏறிப் போகப் பிடித்துக்கொண்ட கைப்பிடிகள் கிட்டில் தடியாக இருக்கும். அவற்றை வெட்டிவிட்டு 0.5 மி.மீ செப்புக் கம்பியை வளைத்து வையுங்கள். அதே மின்சார ஒயரை உரித்து உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளை ஏழெட்டு சேர்த்து முறுக்கினால் அருமையான இழுவைக் கம்பி கிடைக்கும், கிட் கொடுக்கும் நூலை விட நூறு மடங்கு மேல்.

பிரைமரும் பச்சையும்

பிரைமர் அடிக்காமல் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகக் கூடாது. செம்பு, பட்டி, பிளாஸ்டிக் மூன்றும் பெயின்டை மூன்று விதமாகப் பிடிக்கும், பிரைமர்தான் ஒரே மேற்பரப்பாக மாற்றுகிறது. கறுப்பு பிரைமர் என் விருப்பம், சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்கு அடியில் எல்லாம் தானாகவே நிழல் கிடைத்துவிடும். அடித்துவிட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

சோவியத் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். சரியான நிறம் எது என்று மாடல் செய்கிறவர்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள், நான் அதில் இறங்குவதில்லை. சற்று மஞ்சள் கலந்த, ஆலிவ் பக்கம் சாயும் நடுத்தரப் பச்சை என்று வைத்துக்கொண்டால் போதும். தமியா எக்ஸ்எஃப்-58 ஆலிவ் கிரீனில் ஐந்துக்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-60 மஞ்சளைக் கலந்துகொள்கிறேன். பெயின்டும் தின்னரும் சம அளவு, நீர்மோர் பதம் வரும் வரை. 0.3 மி.மீ முனையுள்ள ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவி), 15 முதல் 18 பி.எஸ்.ஐ அழுத்தம், பத்து செ.மீ தூரம். ஒரே பூச்சில் மூட நினைக்காமல் மெல்லியதாக மூன்று பூச்சு. முதல் பூச்சுக்குப் பிறகு அதே கலவையில் இன்னும் கொஞ்சம் மஞ்சளைச் சேர்த்துத் தகடுகளின் மேல்புறத்திலும் நடுவிலும் மட்டும் அடியுங்கள். ஓரங்களிலும் கீழேயும் முதல் பச்சை ஆழமாக நிற்கும். சின்ன மாடலில் ஒரே பச்சை மிகவும் இருட்டாகத் தெரியும், அதனால் நினைத்ததை விட ஒரு படி வெளிச்சமாகவே வையுங்கள், பின்னால் வருகிற வேலைகள் எல்லாம் இருட்டாக்கத்தான் போகின்றன.

ஏர்பிரஷ் இல்லையா? வயேஹோ நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்டை அகலமான மென்மையான பிரஷ்ஷால் நாலு மெல்லிய பூச்சாகப் போடலாம். மாடல் கெட்டுப்போகாது, நேரம்தான் கூடும்.

முகக்கவசமும் திறந்த ஜன்னலும் கட்டாயம். லாக்கர் புகை நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது, கரித்தூள் வடிகட்டி உள்ளதை வாங்குங்கள்.

வெள்ளைப் பட்டை

பெர்லினில் நேச நாட்டு விமானங்கள் தங்கள் வண்டிகளையே தாக்கிவிடாமல் இருக்க, சோவியத் டாங்கிகள் டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் கூரையில் வெள்ளைக் குறுக்கும் தீட்டிக்கொண்டன. களத்தில் யாரோ ஒரு சிப்பாய் வாளியும் மட்டைப் பிரஷ்ஷும் வைத்து அவசரமாகத் தீட்டியது. ஸ்கேல் வைத்து டேப் ஒட்டி நேராக அடித்தால் அந்த அவசரம் காணாமல் போய்விடும்.

செய்யும் முறை இப்படி. பச்சை நன்றாகக் காய்ந்த பிறகு பட்டை வரப்போகிற இடத்தில் சாதாரண ஹேர் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சு அடியுங்கள். காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை அக்ரிலிக்கைச் சற்றுத் திட்டுத் திட்டாகப் பிரஷ்ஷால் போடுங்கள், அகலம் அங்கங்கே மாறட்டும். சுத்த வெள்ளை வேண்டாம், ஒரு சொட்டு மஞ்சள் கலந்துகொள்ளுங்கள். அரை மணி கழித்து அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து ஒரு நிமிடம் விட்டால் அடியிலுள்ள ஸ்பிரே கரையும். அப்போது பழைய பிரஷ்ஷாலோ பல்குச்சியாலோ உரசினால் வெள்ளை மட்டும் துணுக்குகளாகப் பெயர்ந்து பச்சை எட்டிப் பார்க்கும். ஆட்கள் ஏறி இறங்கும் இடத்திலும் கைப்பிடி பக்கத்திலும் அதிகம், மற்ற இடத்தில் குறைவு. அந்தப் பட்டைக்கு வயது சில நாட்கள்தான், ஆகவே பாதிக்கு மேல் பெயர்க்காதீர்கள்.

எண்களுக்கு டீக்கல் (நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படம்) என்றால், ஒட்டும் இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிட்டு வையுங்கள். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். டரட்டின் சொரசொரப்பில் படிய, டீக்கலை மென்மையாக்கும் மைக்ரோ சால் போன்ற திரவத்தை மேலே தடவி, அது சுருங்கினாலும் கை வைக்காமல் விட்டுவிடுங்கள், காய்ந்தால் தானே இறுகும்.

வாஷ், எண்ணெய் வண்ணம், கீறல்

முதலில் முழு வண்டிக்கும் மெல்லிய சாட்டின் வார்னிஷ், ஒரு நாள் காயவையுங்கள். பிறகு அடர் பழுப்பு எனாமல் வாஷை (மிகவும் நீர்த்த பெயின்ட்) நுனி பிரஷ்ஷில் தொட்டு போல்ட், கீல், தகடு சேரும் மூலை ஆகியவற்றில் மட்டும் தொட்டால் அது தானே ஓடிச் சுற்றிக்கொள்ளும். வழிந்ததைப் பத்து நிமிடம் கழித்து மினரல் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். முழு மாடலையும் வாஷில் முக்குகிற பழக்கம் ஒன்று உண்டு, தயவுசெய்து வேண்டாம். நிறமும் செத்துவிடும், கூடவே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எனது ஒரு வண்டியில் டர்பன்டைன் தாராளமாகப் போய் சக்கர அச்சுகளைச் சுற்றித் தேங்கி நின்றது. மறுநாள் எடுத்தால் மூன்று அச்சு பிஸ்கட் மாதிரி முறிந்து கையோடு வந்தது. பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், அதுவும் அழுத்தம் தாங்குகிற இடத்தில், அந்தத் திரவம் தேங்கினால் விரிசல் விழும். அன்றிலிருந்து அச்சு உள்ள அடிப்பாகத்துக்கு நான் தனியாக ஒரு பூச்சு வார்னிஷ் கூடுதலாகக் கொடுக்கிறேன்.

அடுத்தது எண்ணெய் வண்ணம். கேமல் டியூப் போதும். வெள்ளை, மஞ்சள் ஓக்கர், அடர் பழுப்பு, கொஞ்சம் நீலம் ஆகியவற்றை ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி விட்டுவிட்டால் அதிக எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், மினுமினுப்பு குறையும். ஒரு தகட்டில் குண்டூசித் தலை அளவுக்கு நாலைந்து புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றி எடுத்த, ஏறக்குறைய வறண்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, மழைநீர் வழியும் திசையில் இழுங்கள். புள்ளிகள் மறைந்து, பச்சைக்குள் பத்துப் பச்சை தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு தகடாக, அவசரமில்லாமல். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், எண்ணெய் வண்ணத்தைப் போல மன்னிக்கிற பொருள் இந்தக் கலையில் வேறு இல்லை.

கீறலுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டு. கறுப்பும் பழுப்பும் கலந்த பெயின்டில் தொட்டு, பேப்பரில் ஒற்றி ஒற்றி, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு வண்டியைத் தொடுங்கள். எங்கே? ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடியின் விளிம்பு, மட்கார்டு முனை, டரட் மேல்மூடி, ஏறும் வழியில் கால் படுகிற இடம். டரட்டின் நட்ட நடுப் பக்கத்தில் கீறல் வர என்ன காரணம் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அங்கே வைக்காதீர்கள்.

துருவைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். களத்துக்கு வந்த பல வண்டிகள் சில வாரமோ சில மாதமோதான் தாக்குப்பிடித்தன. மழையில் பத்து வருடம் நின்ற பழைய இரும்புக் கடைச் சாமான் போல அவை துருப்பிடிக்க நேரமே இல்லை. துரு வேண்டிய இடங்கள் மூன்று: சூடேறி ஆறுகிற இரண்டு புகைக்குழாய்கள், இழுவைக் கம்பி, ட்ராக்.

ட்ராக்

கிட்டில் வருகிற ரப்பர் மாதிரியான பட்டை ட்ராக்கை வைத்துக்கொண்டு நல்ல டி-34 செய்ய முடியுமா? முடியும், ஒன்றை மட்டும் சரிசெய்தால். இந்த வண்டியில் மேல்பக்க ட்ராக் சக்கரங்களின் முதுகிலேயே கிடக்கும், எடையால் சக்கரத்துக்குச் சக்கரம் தொய்ந்திருக்கும். கிட்டின் பட்டையோ வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து, ட்ராக்கை அழுத்தி, மட்கார்டுக்கும் அதற்கும் நடுவே ஸ்பாஞ்சைத் திணித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

நிறம்: அடர் பழுப்பு அடிப்பூச்சு, அதன் மேல் துருவும் மண்ணும் கலந்த வாஷ். காய்ந்ததும் 4பி பென்சிலின் கரியைத் தூளாக்கி விரலால் தொட்டு, தரையில் உரசும் வெளிப்புற மேடுகளில் தேய்த்தால் இரும்பின் பளபளப்பு வந்துவிடும். உள்ளே சக்கரம் உருளும் பாதையும், ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் நிற்கும் கொம்புகளும் மின்ன வேண்டும், அவைதான் இரட்டைச் சக்கரத்தின் இடைவெளியில் நுழைந்து ஓயாமல் உரசுகின்றன.

தூசியும் சேறும்

பிக்மென்ட் வேலைக்கு முன் மேட் வார்னிஷ் ஒன்று. கடற்கரை ஊர்க்காரர்கள் இங்கே கவனம். ஒரு நவம்பர் மாலை, வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்க, முடிந்துபோன ஒரு மாடலுக்கு லாக்கர் மேட் அடித்தேன். பத்து நிமிடத்தில் வண்டி முழுக்கப் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது, மூன்று வார வேலை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுவதுதான் காரணம். அன்று வெறும் தின்னரைக் காற்றோடு மெல்லியதாக அடித்துப் பெரும்பகுதியை மீட்டேன், மூலைகளில் போகவில்லை. இப்போது மழைநாளில் வார்னிஷ் பக்கமே போவதில்லை. வெயில் ஏறிய பதினோரு மணிக்கு மேல் அடியுங்கள், அவசரம் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பு.

பிக்மென்ட் என்பது பொடிநிறம்தான். விலை அதிகம் என்றால் ஓவியக் கடையின் சாஃப்ட் பாஸ்டல் குச்சியைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கலாம். தோட்டத்து மண்ணைச் சலித்தும் போடலாம்தான், ஆனால் நம் செம்மண்ணை பெர்லின் வண்டிக்கு வைத்தால் கதையே மாறிவிடும். பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் நிலம் மணற்பாங்கானது, வெளிர் சாம்பல் கலந்த மஞ்சள். வண்டி அந்த நிலத்தைத் தாண்டி ஓடர் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏப்ரல் 16-இல் தொடங்கிய தாக்குதலில் வந்தது, அது ஈரமான வசந்த காலம். அப்புறம் நகரத்துக்குள் நுழைந்ததும் இடிந்த வீடுகளின் செங்கல் தூளும் சுண்ணாம்பும். ஆகவே இரண்டு அடுக்கு. கீழே, சக்கரத்தின் உட்புறத்திலும் அடிப்பாகத்திலும் காய்ந்த மணல் சேறு. அதற்கு வெளிர் மஞ்சள் பொடி, சலித்த மணல், ஒரு துளி ஃபெவிகால், தண்ணீர் ஆகியவற்றைக் குழைத்து, பிரஷ்ஷில் தொட்டு, ஏர்பிரஷ் காற்றால் ஊதித் தெறிக்கவிடுங்கள். மேலே, கிடைமட்டமான இடங்களில், டரட் கூரையில், எஞ்சின் மூடியின் மூலைகளில் இளஞ்சிவப்புச் சாயல் உள்ள சாம்பல் தூசி. பொடியை வறண்ட பிரஷ்ஷால் வைத்துவிட்டு பக்கத்தில் ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டால் அது ஓடிப் பொடியை நிலைநிறுத்தும். ஈரத்தில் இருட்டாகத் தெரிந்து பயமுறுத்தும், காயும் வரை மேலும் மேலும் போடாதீர்கள்.

கடைசியாகச் சில ஈரமான கறைகள். பக்கத்தில் மாட்டியிருக்கும் உருளை எரிபொருள் டிரம்களின் மூடிக்குக் கீழே டீசல் வழிந்த தடம். அடர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தில் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷைக் கலந்து, தூசியின் மேலே மெல்லியதாக இழுங்கள். தூசிக்கு அடியில் இருந்தால் பழைய கறை, மேலே இருந்தால் இன்று காலை நிரப்பியது, இரண்டும் கலந்து இருக்கட்டும். புகைக்குழாய்க்குப் பின்னால் கறுப்புப் பொடி, விரல் நுனியளவு போதும். ஓட்டுநர் மூடிக்குப் பக்கத்தில், பூட்ஸ் காலால் மிதித்த இடத்தில், கீழே வைத்த அதே மணல் சேற்றில் கொஞ்சம். அவர் இறங்கி நின்ற தரையும் வண்டி ஓடிய தரையும் ஒன்றுதானே.

பென்சிலைக் கையில் வைத்திருக்கும்போதே டரட்டைக் கழற்றி, உள்ளே பெயின்ட் படாத தரையில் எழுதிவிடுங்கள்: தேதி, பச்சையின் கலவை விகிதம், எந்த வார்னிஷ், எந்தப் பொடி. அடுத்த வண்டியைத் தொடங்கும்போது டரட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும்.